டிஜிட்டல் தொலைக்காட்சியும் நமது சமுதாயமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

விழாக் குழுவினர் எனக்கு அளித்துள்ள பொருள், டிஜிட்டல் தொலைக்காட்சியின் சமூக, பண்பாட்டு எதிர்காலம் குறித்து அறிஞர்கள் செய்துள்ள ஆராய்ச்சிகள் என்பதாகும். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், “விடுதி, புத்தக வங்கி, மாலை நேர வகுப்பு என்று பாடுபடுகின்ற கழகத்திற்குத் தொலைக்காட்சி ஆராய்ச்சி எதற்கு, சார்?” என்று என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. நம்முடைய தெருக்களில் நாளிதழ் வாங்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அலமாரியில் நூல்கள் உள்ள வீடுகள் அதனினும் குறைவு. தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது. 2006 ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் கீழ், 2011 ஆம் ஆண்டிற்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. அப்பெட்டிகளுள் பல இன்று பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. பார்க்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. நம் குழந்தைகள் தம் ஊருக்கு அப்பாலுள்ள உலகத்தை முதன்முதலாகக் காண்பது அதன் வழியாகத்தான். அவர்களுக்கு எது காட்டப்படுகிறது, அதனை முடிவு செய்பவர் யார் என்று கேட்பது கல்விக் கழகத்தின் வேலையே ஆகும்.

டிஜிட்டல் என்பது யாது? அனலாக் எனப்படும் பழைய முறையில், படமும் ஒலியும் அலையின் ஏற்ற இறக்கமாகவே அனுப்பப்பட்டன. புதிய முறையில் அவை 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களாலான எண்வரிசையாக மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன. வீட்டிலுள்ள செட்டாப் பாக்ஸ் அவ்வெண்களை மீண்டும் படமாக்குகிறது. இதனால் விளைந்த மாற்றங்கள் இரண்டு. ஒரு சேனல் மட்டுமே சென்ற இடத்தில் பல சேனல்கள் செல்லக்கூடும் என்பது ஒன்று. மற்றொன்றை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு செட்டாப் பாக்ஸிற்கும் தனி எண் உண்டு. பழைய கேபிள் கம்பியில் எல்லா வீட்டிற்கும் எல்லாமும் சென்றன. யார் வீட்டில் எது தெரிகிறது என்று கேபிள்காரருக்கே தெரியாது. இன்று, இன்ன வீட்டிற்கு இன்ன சேனல் என்று தொலைவிலிருந்தே திறக்கலாம், மூடலாம்.

நம் நாட்டில் 2011 ஆம் ஆண்டின் இறுதியில் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, 2012 முதல் 2017 வரை நான்கு கட்டங்களில் இம்மாற்றம் நடைபெற்றது. தமிழ்நாட்டில் 70 ரூபாய்க்குக் கேபிள் இணைப்பு அளித்துவந்த அரசு நிறுவனம், 2017 செப்டம்பர் முதல் செட்டாப் பாக்ஸ்களை விலையின்றி வழங்கத் தொடங்கியது. 2019 பிப்ரவரி 1 முதல் புதிய கட்டண முறை வந்தது. நூறு சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் அதன்மேல் வரியும். விலை குறித்த சேனல்களுக்குத் தனித்தனியே பணம். “வேண்டியதை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம்” என்று விளம்பரம் செய்தார்கள்.

இந்தத் தேர்வு என்னும் சொல்லை ஆராய்ந்த அறிஞர் ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும். அவர் பெயர் ரேமண்ட் வில்லியம்ஸ். இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டின் எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில், இரயில்வே சிக்னல் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்தவர். தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஆதலால், ‘கலை’, ‘பண்பாடு’ என்னும் பெரிய சொற்களைக் கேட்டவுடன் தலைவணங்காமல், “யாருடைய பண்பாடு?” என்று கேட்கும் இயல்பு அவரிடம் இருந்தது. 1974 இல் அவர் தொலைக்காட்சி பற்றி வெளியிட்ட சிறிய நூல் இன்றளவும் உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாக உள்ளது. கருவி தானாகவே சமுதாயத்தை மாற்றிவிடும் என்னும் கொள்கையை அந்நூல் மறுக்கிறது. ஒரு கருவியை எந்நோக்கத்திற்காக, யார் உருவாக்குகிறார்கள், எவர் வசம் அது இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் விளைவு அமையும் என்பது அவருடைய வாதம். செட்டாப் பாக்ஸ் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே இன்னொன்றையும் அவர் கண்டுரைத்தார். பார்ப்பவர் பொத்தானை அழுத்தித் தேர்வு செய்யும் முறைகளையெல்லாம் இருவழித் தொடர்பு என்று வணிகர்கள் புகழ்வார்கள். உண்மையில், பிறர் முன்னரே வகுத்து வைத்த பட்டியலிலிருந்து ஒன்றைக் குறிப்பது மட்டுமே அங்கு நிகழும். விடை கூறவும் புதிதாக ஒன்றைச் சொல்லவும் இடம் இருந்தால்தான் அது இருவழித் தொடர்பு என்றார். தேர்வுத்தாளில் நான்கு விடை தந்து ஒன்றைக் குறிக்கச் சொல்வதற்கும், ஒரு கட்டுரை எழுதச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது. ஐந்நூறு சேனல்கள் இருந்தாலும் அது ஐந்நூறு விடைகள் கொண்ட கொள்குறி வினாவே.

இனி நம் நாட்டு ஆராய்ச்சிக்கு வருகிறேன். தொலைக்காட்சியை ஏழை மக்களிடையே வைத்து ஆராய்ந்த மிகப் பெரிய சோதனை ஒன்று இந்தியாவில்தான் நடந்தது என்பது நம் இளைஞர் பலருக்குத் தெரியாது. செயற்கைக்கோள் வழிப் பயிற்றுத் தொலைக்காட்சிச் சோதனை என்பது அதன் பெயர். விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. அதனைக் காண அவர் உயிரோடு இல்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனத்திடமிருந்து இரவல் பெற்ற ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளைக் கொண்டு, 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. கோழி வலைக் கம்பியால் செய்த பெரிய ஆன்டெனாவுடன் ஊர்ப் பொதுக் கட்டடத்தில், பெரும்பாலும் பள்ளியில், ஒரு பெட்டி. காலையில் பள்ளிச் சிறுவர்க்கு ஒன்றரை மணி நேரம். மாலையில் பெரியவர்களுக்கு வேளாண்மை, உடல்நலம், குடும்பநலம் முதலியன பற்றி இரண்டரை மணி நேரம். ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அதன் வாயிலாக அறிவியல் பயிற்சியும் அளிக்கப்பட்டது. ஆசிரியன் என்ற முறையில் இச்செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தருவது.

அச்சோதனையின் சிறப்பு அதற்கென அமைக்கப்பட்ட சமூக ஆராய்ச்சிக் குழுவாகும். தொலைக்காட்சி வருமுன்பும், வந்தபின்பும், ஓராண்டு முடிந்த பின்னரும் மக்களிடம் வினாக்கள் கேட்டுப் பதிவு செய்தார்கள். மானிடவியல் படித்தவர்கள் சில ஊர்களில் மாதக்கணக்கில் தங்கி, மக்களோடு மக்களாக வாழ்ந்து குறிப்பெடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பெண்களும் உடல்நலம் போன்ற பொருள்களில் மற்றவரைவிடக் கூடுதலாக அறிவு பெற்றார்கள் என்பது அவர்களது முடிவுகளுள் குறிப்பிடத்தக்கது. எழுத்தறிவில்லாதவர்க்கு எதுவும் ஏறாது என்று அலட்சியம் பேசுவோர்க்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

பொதுக் கட்டடத்தில் ஒரு பெட்டி என்றவுடன், நான் மாணவனாக இருந்த 1980களின் நினைவு எழுகிறது. எங்கள் ஊராட்சிக்கும் பொதுத் தொலைக்காட்சி வந்தது. ஊர்த் தெருவில் அதற்கென ஓர் அறை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் தொடங்கும் நேரத்திற்கு ஊர்ப் பிள்ளைகள் உள்ளே தரையில் அமர்ந்திருப்பார்கள். காலனிப் பிள்ளைகளாகிய நாங்கள் வெளியே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். எங்களை யாரும் விரட்டவில்லை. உள்ளே வாருங்கள் என்று யாரும் அழைக்கவுமில்லை. ஓர் ஆராய்ச்சியாளர் அன்று அங்கு வந்து தலைகளை எண்ணியிருந்தால், எங்களையும் சேர்த்தே பார்வையாளர் இத்தனை பேர் என்று எழுதியிருப்பார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும். சன்னல் மட்டும் கணக்கில் வந்திராது. ஆகவே, எந்த ஆராய்ச்சி முடிவைப் படித்தாலும், “எண்ணியவர் எங்கே நின்று எண்ணினார்?” என்று கேட்கும் வழக்கம் எனக்கு உண்டு. இளைஞர்களும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

அதே 1975 ஆம் ஆண்டில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மற்றொரு முயற்சி தொடங்கியது. பிஜ் என்னும் சிற்றூரில் சிறிய ஒளிபரப்பு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. தலைநகரில் தயாரித்ததை ஊர் பார்ப்பதாக அல்லாமல், அந்த மாவட்டத்து மக்களின் வழக்குமொழியில், அவர்கள் ஊர்களிலேயே படம்பிடித்து, கூலி, சுரண்டல், தீண்டாமை ஆகியவற்றையும் பேசினார்கள். தயாரிப்பதற்கு முன்னும் பின்னும் மக்களிடம் சென்று ஆராய்வது அவர்களின் முறை. 1984 இல் யுனெஸ்கோவின் ஊரகத் தகவல்தொடர்புப் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்த சில ஆண்டுகளில் முயற்சியே நின்றுபோயிற்று. நாடெங்கும் ஒரே நிகழ்ச்சி, ஒரே விளம்பரம் என்னும் காலம் அதற்குள் பிறந்துவிட்டது. சிறிய நிலையம், சொந்த மொழி, தம் சிக்கலைத் தாமே பேசுதல் என்னும் அந்த வழி நடக்கக்கூடியதே என்று மெய்ப்பிக்கப்பட்ட பிறகுதான் கைவிடப்பட்டது. இது வரலாற்றில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

பின்னர்த் தனியார் சேனல்களும் கேபிளும் வந்தன. தொடர்கள் குடும்பத்தைக் கெடுக்கின்றன என்று மேடைதோறும் பேசப்படுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நானும் அக்கருத்தில் ஓரளவு உடன்படுபவன்தான். ஆயினும் ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டும்போது மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. இராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள், 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து பகுதிகளில் ஏறத்தாழ 2,700 குடும்பங்களிடம் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் சென்று விவரம் சேகரித்தார்கள். அந்த இடைக்காலத்தில் சில சிற்றூர்களுக்குப் புதிதாகக் கேபிள் வந்தது, சிலவற்றிற்கு வரவில்லை. இரண்டையும் ஒப்பிட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில், கணவன் மனைவியை அடிப்பதைச் சரியென்று ஏற்கும் பெண்கள் குறைந்தனர்; ஆண் பிள்ளைதான் வேண்டும் என்போரும் குறைந்தனர்; வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது. 2009 இல் வெளியான இவ்வாய்வு உலகெங்கும் பேசப்பட்டது. தொடரில் வரும் நகரத்துப் பெண் வேலைக்குப் போகிறாள், தானே கடைக்குப் போகிறாள். அதைக் கண்ட கிராமத்துப் பெண் இப்படியும் வாழலாம் போலும் என்று எண்ணத் தொடங்குகிறாள் என்பது அதற்குத் தரப்படும் விளக்கம்.

நல்லது. திரையில் ஒரு பெண்ணின் வாழ்வைக் கண்டு மற்றொரு பெண்ணின் எண்ணம் மாறுமானால், திரையில் நம் மக்களைப் போன்ற ஒருவர் மதிப்போடு வாழக் கண்டால் நாட்டின் எண்ணம் எவ்வாறு மாறும்? காணாமலே இருந்தால் எவ்வாறு இருக்கும்? இந்த வினாவிற்கு 2,700 குடும்பங்களைத் தேடிச் சென்ற ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. நீங்கள் செய்ய வேண்டியது அது.

ஒரு நிகழ்ச்சி வாழ்வதும் சாவதும் அதனை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்னும் கணக்கைப் பொறுத்தது. விளம்பரப் பணம் அக்கணக்கைப் பின்தொடர்ந்து செல்கிறது. அக்கணக்கில் நாம் இருக்கிறோமா? பல்லாண்டுக் காலம் ஒரு இலட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் மட்டுமே அளவுகருவிகள் வைக்கப்பட்டிருந்தன. கிராமத்து மக்கள் பார்த்தது பார்த்ததாகவே கொள்ளப்படவில்லை. 2015 இல் பார்க் எனப்படும் புதிய அமைப்பு கணக்கெடுப்பைத் தொடங்கி, அவ்வாண்டு அக்டோபரில் கிராமங்களையும் சேர்த்து முதன்முறையாக வெளியிட்டது. விளைவைப் பாருங்கள். மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷனின் இலவச டிஷ் வழியாக வரும் இந்திச் சேனல்கள், நகரத்தவர் பெயரும் அறியாதவை, நாட்டிலேயே முதல் வரிசைக்கு வந்துவிட்டன! பெரிய நிறுவனங்கள் எல்லாம் இலவச டிஷ்ஷிற்கென்றே சேனல்களை நடத்தின. ஏழைகள் அதற்கு முன்பும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணப்பட்டவுடன்தான் அவர்கள் இருப்பது தெரிந்தது. ஆனால், 2019 இல் புதிய கட்டண முறை வந்து, விலைக்கு விற்பதே ஆதாயம் என்றானதும், அந்த ஆண்டு மார்ச்சில் அப்பெரிய நிறுவனங்கள் தம் சேனல்களை இலவச டிஷ்ஷிலிருந்து எடுத்துவிட்டன. பிறகு சில திரும்பி வந்ததும், மீண்டும் போனதும் உண்டு. ஏழை பார்ப்பதற்கு இருந்த மதிப்பு, கடைக்காரரின் பேரேட்டைப் பொறுத்து ஏறி இறங்கியது.

இன்னும் நுணுக்கமாகப் பார்ப்போம். அளவுகருவி வைக்கப்பட்ட வீடுகள் 2020 வாக்கில் ஏறத்தாழ 44,000. தொலைக்காட்சி உள்ள வீடுகளோ அப்போது ஏறத்தாழ 21 கோடி. வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 4,770 வீடுகளுக்கு ஒரு வீடு பேசுகிறது. மாதிரி எடுத்துக் கணிப்பது புள்ளியியலில் ஏற்கப்பட்ட முறையே, குறை கூறவில்லை. ஆனால், வீடுகளை வகைப்படுத்தும் முறை ஒன்று உண்டு. குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் கல்வியையும், பதினொரு பொருள்களுள் எத்தனை அவ்வீட்டில் உள்ளன என்பதையும் கொண்டு, ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறார்கள். அப்பதினொன்று எவை? மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வண்டி, வண்ணத் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், கணினி, கார், குளிர்சாதனம், கடைசியாக வேளாண் நிலம். நிலம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதை இந்த அவையில் நான் விளக்க வேண்டுவதில்லை. சாதி என்னும் சொல் அப்பட்டியலில் எங்கும் இல்லை. எனினும் பட்டியலை நிரப்பி முடித்தால் நம் தெரு எந்த எழுத்தில் போய் நிற்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். ஏ தரத்தார் பார்ப்பதற்கு விளம்பரக்காரர் தரும் விலை வேறு, இ தரத்தார் பார்ப்பதற்குத் தரும் விலை வேறு. வாக்குச் சாவடியில் ஆளுக்கு ஒரு வாக்கு, அதற்கு ஒரே மதிப்பு என்றார் அண்ணல் அம்பேத்கர். தொலைக்காட்சியின் வாக்குச் சாவடியில் அந்த நீதி இல்லை.

கேபிளோடு நில்லாமல் இணையத்தோடு இணைந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் இப்போது வந்துவிட்டன. நாம் அவற்றைப் பார்க்கிறோம். அவையும் நம்மைப் பார்க்கின்றன. அமெரிக்காவில் விசியோ என்னும் நிறுவனத்தின் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகள், வீட்டார் பார்ப்பதையெல்லாம் அவர்கள் இசைவின்றி நொடிக்கு நொடி குறித்து அனுப்பிவந்தன. 2017 பிப்ரவரியில் அந்நிறுவனம் 22 இலட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. முன்பு எண்ணப்படாததே நமது குறையாக இருந்தது. இனி, நம்மைக் கேளாமலே எண்ணுவதும் குறையாகப் போகிறது. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கணக்கு எவர் கையில் இருக்கிறது?

என் பள்ளி அனுபவத்திற்கு வருகிறேன். தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட, கைப்பேசி இல்லாத வீடுகளுக்குப் பாடம் சென்றது அதன் வழியாகத்தான். பாடங்கள் தரமாக இருந்தன. நடத்திய ஆசிரியர்களை நான் வணங்குகிறேன். ஆனால் வீடு வீடாகச் சென்றபோது நானும் என் சக ஆசிரியர்களும் கண்டது வேறு. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், பெட்டி ஒன்று. எட்டாம் வகுப்புப் பாடம் வரும் நேரத்தில் பாட்டி செய்தி பார்க்கிறார். இன்னொரு வீட்டில் கூலி வேலை நின்றுவிட்டதால் கேபிளுக்குப் பணம் கட்டவில்லை. செட்டாப் பாக்ஸ் மூடப்பட்டுவிட்டது. வேறொரு வீட்டில் எல்லாம் இருந்தது. சிறுமி நாள்தோறும் தவறாமல் பார்த்தாள். “புரிந்ததா, அம்மா?” என்று கேட்டேன். “புரியலைன்னா யாருகிட்ட சார் கேக்குறது?” என்றாள். ரேமண்ட் வில்லியம்ஸ் ஒரு நூல் முழுவதும் எழுதியதை அந்தப் பிள்ளை ஒரு வரியில் கூறிவிட்டாள்.

அச்சிறுமியின் கேள்விக்கு விடை காண முயன்ற நாடு ஒன்று உண்டு. பிரேசில் அரசு 2003 நவம்பரில் டிஜிட்டல் தொலைக்காட்சி பற்றிய ஆணையை வெளியிட்டபோது, ஏழைகளையும் கணினி உலகிற்குள் கொண்டுவருவதை அதன் குறிக்கோள்களுள் ஒன்றாக எழுதியது. கணினி வாங்க இயலாத வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கிறது. அதையே இருவழிக் கருவியாக்கலாம் என்று கருதி, ரியோ நகரிலும் பராய்பா மாநிலத்திலும் உள்ள பல்கலைக்கழக அறிஞர்கள் ஜிங்கா என்னும் மென்பொருளை உருவாக்கினார்கள். பின்னர் 2013 வாக்கில் ஜோவா பெசோவா நகரத்தில் 100 ஏழைக் குடும்பங்களிடம் அதனைச் சோதித்தார்கள். வேலை வாய்ப்பு, மருத்துவம், அரசு உதவித்தொகை ஆகிய செய்திகளை ரிமோட்டை அழுத்தியே அறியுமாறு அமைத்தார்கள். அம்முயற்சி நாடெங்கும் பரவவில்லை. பெரும் சேனல்களுக்கு அதில் ஆதாயம் இல்லை. அதற்குள் கைப்பேசியும் பரவிவிட்டது. எனினும், ஒரு கருவியின் விதியை வணிகர் மட்டுமன்றிப் பல்கலைக்கழகமும் எழுத முயலலாம் என்பதற்கு அது சான்று. பிரிட்டனில் 2007 முதல் 2012 வரை பழைய ஒளிபரப்பை நிறுத்தியபோது, 75 வயது கடந்தோர்க்கும் உடல் ஊனமுற்றோர்க்கும் வீட்டிற்கே ஆள் அனுப்பிப் பொருத்திக்கொடுக்கும் திட்டம் இருந்தது. அதுவும் பின்பற்றத்தக்கதே.

இனி, திரைக்குப் பின்னால் யார் என்னும் வினா. 2019 இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வறிக்கை, நாளிதழ், தொலைக்காட்சி, இதழ், இணையச் செய்தி ஆகியவற்றின் 121 தலைமைப் பதவிகளை ஆராய்ந்தது. அவற்றுள் 106 இல் உயர்சாதியினர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. நான் எண்ணைத் தவறாகப் படிக்கவில்லை, ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும், நம் முன்னோர் 1893 இல் இரட்டைமலை சீனிவாசன் தலைமையில் ‘பறையன்’ இதழை நடத்தினார்கள்; 1907 இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அச்சு இயந்திரம் அரிதாக இருந்த நாளில் நமக்கென்று இதழ் இருந்தது. இலட்சக்கணக்கான கைப்பேசிகளில் ஒளிப்படக் கருவி உள்ள நாளில், செய்தி அறையின் தலைமை நாற்காலியில் நாம் இல்லை.

பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு இரண்டு செய்திகள். தரமணியிலுள்ள அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு முதலியவற்றைக் குறைந்த செலவில் கற்கலாம். முதுகலை முடித்து ஆராய்ச்சி செய்ய விரும்புவோர்க்கு, 2005-06 இல் தொடங்கிய பட்டியல் சாதியினர்க்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. பொறியியலும் மருத்துவமும் மட்டுமே படிப்பு என்று எண்ணாதீர்கள். இதழியலும் சமூகவியலும் படித்து, நான் சற்றுமுன் கூறிய அந்தச் செய்யப்படாத ஆய்வைச் செய்ய நம்மில் இருவர் முன்வந்தாலும் போதும்.

அதற்கு முன், பல்கலைக்கழகத்தின் துணையின்றியே நாம் செய்யக்கூடிய ஒன்றை விழாக் குழுவின் இசைவோடு அறிவிக்கிறேன். கழகம் பணியாற்றும் தெருக்களில் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு. பெட்டி யாருடையது, செட்டாப் பாக்ஸ் எவ்வகை, ஓராண்டில் எத்தனை மாதம் பணம் கட்ட முடியாமல் மூடப்பட்டது, ரிமோட் யார் கையில் இருக்கிறது, படிக்கிற பிள்ளை வீட்டின் எந்த மூலையில் அமர்கிறது, நம்மைப் போன்றவர் திரையில் தோன்றியதை எப்போது கண்டீர்கள், என்ன வேலை செய்பவராகக் கண்டீர்கள், நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று இதுவரை யாரேனும் வந்து கேட்டதுண்டா? இவ்வளவுதான் வினாக்கள். பெண்களிடம் பெண் பிள்ளைகளே சென்று கேட்கவேண்டும். ஆண்கள் அருகில் இருந்தால் ரிமோட் பற்றிய உண்மை வெளிவராது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு, விருப்பமுள்ளவர்கள் கழக நூலகத்திற்கு வந்து பெயர் கொடுக்கலாம். வினாத்தாளின் முதல் வரைவை நான் எழுதிக்கொண்டு வருகிறேன். திருத்துவது உங்கள் பொறுப்பு. தலைமையாசிரியர் எழுதியதாயிற்றே என்று தயங்க வேண்டாம்.